அத்தையின் பிறந்தநாள் காலண்டருக்கு வந்த கதை

குடியாத்தம் அத்தைக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டார், "சாப்ட்டியா" என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிடுவார். 2024 மே மாதம் அப்படித்தான் வைத்தார். அரை மணி நேரம் கழித்துதான் எனக்கு உறைத்தது, முந்தின நாள் அவருடைய பிறந்தநாள்.

இத்தனைக்கும் தேதியை போனில் ஏற்றி வைத்திருந்தேன். சத்துவாச்சாரி வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, சொந்தக்காரர்கள் முப்பது பேருக்கு, ஒவ்வொரு பெயராகத் திறந்து, பென்சில் குறியைத் தொட்டு, பிறந்தநாளைச் சேர்த்தவன் நான் (பிறந்த வருஷம் தெரியாவிட்டால் காலியாக விடலாம், அது ஒரு நிம்மதி). ஆனால் கூகுள் காலண்டரில் ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. ஓரத்து மூன்று கோட்டைத் தொட்டு, பிறந்தநாட்களுக்கு டிக் இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. சரி, சிங்க் ஆக நேரமாகும்போல என்று விட்டுவிட்டேன்.

அத்தை போனை வைத்த அன்று ராத்திரிதான் நோண்டினேன். அந்த முப்பது பேரின் நம்பர்களும் போனின் சொந்த மெமரியில் கிடந்தன. கூகுள் காலண்டரோ கூகுள் அக்கவுண்டில் சேமித்த ஆட்களின் பிறந்தநாளைத்தான் எடுக்கும். சிம்மில் இருப்பவை இன்னும் மோசம், அதில் பெயரும் நம்பரும் தவிர பிறந்தநாளுக்கு இடமே கிடையாது. ஒவ்வொரு பெயரையும் திறந்து, மூன்று புள்ளியைத் தொட்டு, என் கூகுள் அக்கவுண்டுக்கு மாற்றினேன். தூக்கக் கலக்கத்தில் நாலைந்து பேரை ஆபீஸ் மெயிலுக்கு அனுப்பிவிட்டேன், அந்த அக்கவுண்டுக்குக் காலண்டரில் தனி டிக். இனி சேர்க்கும் நம்பர்கள் எங்கே போகவேண்டும் என்பதையும் செட்டிங்ஸில் மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் ஆறு மாதத்தில் பழைய கதைதான்.

காலையில் பார்த்தால் எல்லாம் வந்திருந்தது. ஜூன் மாதத்தைத் திறந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. பெரியப்பா, இரண்டு மாமா, ஆற்காட்டு சித்தப்பா என்று எல்லாரும் ஜூன் முதல் வாரத்தில் பிறந்திருக்கிறார்கள்! ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது வாத்தியார் கணக்காகப் போட்ட தேதி, அதுவே சர்டிபிகேட்டுக்கும் ஆதாருக்கும் போய்விட்டது. அப்புறம் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு நிஜத் தேதியைக் கேட்டேன். மாமா ஒருவர், "அது தெரிஞ்சு இன்னா பண்ணப் போற?" என்றார்.

அத்தையின் கணக்கு வேறு. "கெங்கையம்மன் சிரசுக்கு மறுநாள் பொறந்தேன்டா" என்பார், அவருக்கு அதுதான் பிறந்தநாள். அம்மனின் தலையை ஊர்வலமாக எடுத்துவரும் சிரசுத் திருவிழா வைகாசி 1-ல், அது இங்கிலீஷ் தேதியில் மே 14-லும் வரும், 15-லும் வரும். போனுக்கு வைகாசி தெரியாது. 2024-ல் சிரசு 14-ஆம் தேதி நடந்ததால் 15 என்று போட்டு வைத்தேன்.

வீட்டுக்காரி ஐபோன் வைத்திருக்கிறாள், அவளுக்கு வேலை சுலபம். செட்டிங்ஸில் காலண்டருக்குப் போய், வழக்கமான அலெர்ட் நேரங்களில் பிறந்தநாளுக்கு ஒரு நாள் முன்பு என்று வைத்தோம், முடிந்தது.

2025 மே 15 காலையில் காலண்டர் சொன்னதும் அத்தைக்கு போன் போட்டு வாழ்த்தினேன். பின்னால் மேளச் சத்தம், கூட்டத்தின் இரைச்சல்.

"டேய், இன்னைக்குத்தான்டா சிரசு. எனக்கு நாளைக்கு" என்றார். போனை மட்டும் வைக்கவில்லை, அரை மணி நேரம் பேசினார்.