மீட்டர் சொல்லாத உப்பு

எங்கள் வீட்டில் வெந்நீர் வைக்கும் எவர்சில்வர் பாத்திரத்தின் அடியில், முட்டை ஓடு போல ஒரு வெள்ளைப் படலம் எப்போதும் ஒட்டியிருக்கும். சென்ற வாரம் அதில் அரை மூடி எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தேன். பொடிப்பொடியாகக் குமிழிகள் எழும்பி, சற்று நேரத்தில் பாத்திரத்தின் அடி பளிச்சென்று தெரிந்தது. மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்குள்ள கரியமில வாயுவை ஏற்று லேசான அமிலமாகி, பாறையிலுள்ள கால்சியத்தைக் கரைத்து பைகார்பனேட்டாகச் சுமந்து வருகிறது. அதைக் கொதிக்க வைத்தால் அந்த வாயுவில் ஒரு பகுதி வெளியேறிவிட, மிஞ்சுவது சுண்ணாம்பாகப் படிகிறது. துவரம்பருப்பு விறைத்து நிற்பதற்கும் சோப்பு நுரைக்காமல் திரிந்து போவதற்கும் கால்சியமும் மக்னீசியமுமே காரணம்.

தண்ணீர் சுத்திகரிப்புக் கருவி விற்க வந்த ஒருவர், பேனா போன்ற மீட்டரை எங்கள் தண்ணீரில் விட்டு, 840 என்று காட்டி, இது குடிக்கவே தகாதது என்றார். இந்தியத் தர நிர்ணயத்தின்படி கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு தண்ணீருக்கு வழியில்லாத இடத்தில் 2000 வரை ஏற்கலாம். அதைவிட முக்கியமானது, அந்த மீட்டர் தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை மட்டுமே அளந்து, எல்லா உப்புகளையும் சேர்த்து ஒரே எண்ணாக மதிப்பிடுகிறது என்பதுதான். எந்த உப்பு, எவ்வளவு என்பது அதற்குத் தெரியாது.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், தர்மபுரி மாவட்டத்துப் பாலக்கோடு பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போன என் சித்தி மகள். தன் வீட்டு போர் தண்ணீரில் பருப்பு பஞ்சாக வேகும் என்று அவள் பெருமையாகச் சொல்வாள். ஆனால் அவளுடைய ஒன்பது வயது மகன் சிரித்தபோது, முன்பற்களில் சுண்ணாம்புக் கோடு இழுத்தது போல வெண்மையும், அதன் நடுவே மங்கிய காவி நிறமும் தெரிந்தன. பற்கள் உருவாகும் வயதில் தண்ணீரில் ஃபுளோரைடு என்ற உப்பு மிகுந்திருந்தால் இப்படிக் கறை விழும். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிப் பாறைகளில் உள்ள கறுப்பு அபிரகம், அபடைட் போன்ற கனிமங்களிலிருந்து ஃபுளோரைடு தண்ணீரில் இறங்குகிறது. கால்சியம் மிகுந்த தண்ணீரில் அது கால்சியம் ஃபுளோரைடாகப் படிந்து ஓரளவு விலகிவிடும். கால்சியம் குறைந்து சோடியம் பைகார்பனேட் மிகுந்த தண்ணீரிலோ கரைந்தபடியே தங்கிவிடும். ஆகவே, பருப்பு நன்றாக வேகும் தண்ணீரிலேயே அது மிகுந்திருக்கக்கூடும்.

லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பதே ஃபுளோரைடின் உச்ச வரம்பு. 840 என்ற எண்ணுக்குள் அது எங்கே தெரியப் போகிறது? ஆண்டுக்கணக்கில் வரம்பை மிகவும் மீறிக் குடித்தவர்களுக்கு முதுகெலும்பும் மூட்டுகளும் இறுகிவிடுகின்றன. அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர்ப் பகுதியில் இந்நோயை மருத்துவர்கள் 1937இலேயே பதிவு செய்திருக்கிறார்கள். காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் காவிரித் தண்ணீர் என் சித்தி மகளின் தெருவுக்கு வருகிறது. குடிக்க அதைப் பிடித்து வைக்கும் அவள், ருசிக்காகச் சமையலுக்கு மட்டும் போர் தண்ணீரையே எடுக்கிறாள். பெரியவனின் பற்களில் விழுந்த கோடுகள் தாமாக மறையப் போவதில்லை. சின்னவளுக்கு இப்போதுதான் இரண்டு வயது, நிலையான பற்கள் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் பருவம். அந்த போர் தண்ணீரில் ஒரு பாட்டில் வாங்கி வந்து, ஃபுளோரைடைத் தனியாக அளந்து தரும்படி ஆய்வகத்தில் கொடுத்திருக்கிறேன். முடிவு வரும்வரை உலையில் வைப்பதும் காவிரித் தண்ணீராகவே இருக்கட்டும் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.