செத்தது என்று எழுதிய கார்டு

“தம்பி, ஸ்கிரீனுக்கு அம்மை போட்டிருக்கு. கொஞ்சம் வந்து பாருங்க.”

வரைபடப் பிரிவில் இருந்த மூத்தவர் போனில் அப்படித்தான் சொன்னார். போய்ப் பார்த்தால், அவர் சொன்னதில் மிகையே இல்லை. பச்சையும் ஊதாவுமாகச் சின்னச் சின்னக் கட்டங்கள் திரை முழுக்க ஒரே இடைவெளியில் இறைந்து கிடந்தன. மவுஸை நகர்த்தினால் பின்னாலேயே ஒரு வால் வந்தது.

புது கம்ப்யூட்டர் வாங்கிவிடலாமே என்று எல்லோரும் கேட்டார்கள். நானே கேட்டவன்தான். ஆனால் பழைய காகித வரைபடங்களை உள்ளே இழுக்கும் பெரிய ஸ்கேனர் இந்தப் பழைய மெஷினோடுதான் பேசும். ஸ்கேனரை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருளான டிரைவர் 32 பிட் விண்டோஸ் 7-ஐத் தாண்டி எதிலும் ஏறாது. அந்த விண்டோஸுக்கும் 2020 ஜனவரியோடு ஆதரவு முடிந்துவிட்டதால், மெஷினை நெட்வொர்க்கிலிருந்து பிரித்து வைத்து, பென் டிரைவில் கோப்புகளைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தோம். மதர்போர்டில் சொந்தமாக டிஸ்ப்ளே வசதி கிடையாது. ஆக, திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்டு படுத்தால் ஸ்கேனரும் படுத்த மாதிரிதான்.

முதல் தடவை கார்டைக் கழற்றியபோது, சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவே தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. விசிறியை விரலால் சுற்றிவிட்டால் அரைச் சுற்றில் நின்றது. சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே பூசும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்புப் பொடியாக உதிர்ந்தது. எல்லாவற்றையும் துடைத்து, புது பேஸ்ட் வைத்து, விசிறியை மாற்றி, கார்டின் தங்க நிற முனைகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினேன். படம் கண்ணாடி மாதிரி வந்தது. ரப்பர் வைத்தியத்தில் எனக்கு அபார நம்பிக்கை வந்த நாள் அது. முனையில் படிந்த அழுக்கு போனதால் சரியானதா, கழற்றி மாட்டியதாலேயே சரியானதா என்று அன்று யோசிக்கவில்லை.

நான்கு மாதம் ஓடியது. அப்புறம் மறுபடி அம்மை.

இந்த முறை டிரைவர் மேல் சந்தேகம். விண்டோஸ் குறைந்தபட்ச வசதிகளோடு மட்டும் ஏறும் சேஃப் மோடில் போனால் திரை ஓரளவு சுத்தமாக இருந்ததுதான் காரணம். டிரைவரை நீக்கினேன், பழைய பதிப்பு போட்டேன், அதையும் நீக்கி இன்னொன்று போட்டேன். இரண்டு நாள் இப்படியே போனது. சேஃப் மோடில் அந்தக் கார்டுக்கு ஏறக்குறைய வேலையே கிடையாது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு மூச்சு வாங்காதுதானே. மூன்றாம் நாள் காலையில் மெஷினை ஆன் செய்துவிட்டு வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். விண்டோஸ் வருவதற்கு முன்னால், பயாஸ் எழுத்துகள் வரும் கறுப்புத் திரையிலேயே புள்ளிகள் தெரிந்தன. அந்த நேரத்தில் விண்டோஸ் டிரைவர் எங்கே வந்தது? முதல் நாளே கண்ணைத் திறந்து பார்த்திருந்தால் இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும்.

கார்டு உள்ளுக்குள் விட்டுப்போயிருந்தது. தினமும் ஆன் செய்யும்போது சிப் சூடேறி விரிகிறது, ஆஃப் செய்தால் ஆறிச் சுருங்குகிறது. சிப் விரியும் அளவும் அதைத் தாங்கும் பலகை விரியும் அளவும் வேறு. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கடுகை விடச் சிறிய சோல்டர் (பற்றவைக்கும் உலோகம்) மணிகள்தான் இந்த இழுபறியைத் தாங்க வேண்டும். வருடக்கணக்கில் இழுபட்டால் ஏதோ ஒன்று விரிசல் விடும். 2006-இல் ஐரோப்பிய விதி வந்த பிறகு மின்னணுச் சாமான்களில் ஈயம் கலந்த சோல்டர் பெரும்பாலும் ஒழிந்தது. பழையது 183 டிகிரியில் உருகும். ஈயமில்லாத வகைகளில் பரவலாக இருப்பது 217 டிகிரி வரை போனால்தான் இளகும்.

சக ஊழியர் ஒருவர் ஹீட் கன் கொண்டுவந்து சிப் மேல் சூடு காட்டினார். சோல்டர் உருகியிருக்கும் என்று நான் நம்பவில்லை. விரிசல் விட்ட இடம் சூட்டில் விரிந்து ஒட்டிக்கொண்டிருக்கலாம். பதினோரு நாள் வேலை செய்தது. பன்னிரண்டாம் நாள் ஒரு நீள பீப், இரண்டு குட்டை பீப், அவ்வளவுதான். மார்க்கரால் ‘செத்தது’ என்று எழுதி அலமாரியில் வைத்தேன்.

இரண்டாவது கார்டு வேறு விதமாகப் படுத்தியது. புள்ளி இல்லை, கோடு இல்லை. பெரிய வரைபடத்தை ஸ்கேன் செய்து அதைச் சுழற்றும்போது திரை கறுத்து, திரும்பி வந்து, டிஸ்ப்ளே டிரைவர் பதில் தராமல் நின்று மீண்டுவிட்டது என்று ஒரு செய்தி வரும். விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸ் இப்படித்தான்: கார்டு இரண்டு வினாடி வாய் திறக்காவிட்டால் தட்டி எழுப்பும். சில சமயம் எழாது, மெஷினே ரீஸ்டார்ட் ஆகும். ஒரு தடவை சூடுபட்டவன் என்பதால் இந்த முறை நான் யோசிக்கவே இல்லை. இதுவும் பழைய கார்டு, இதுவும் போய்விட்டது. மார்க்கர், ‘செத்தது’, அலமாரி.

மூன்றாவதை இன்னொரு மெஷினிலிருந்து கடன் வாங்கி மாட்டினேன். அங்கே ஒரு குறையும் இல்லாமல் ஓடிய கார்டு, இங்கே வந்த இரண்டாம் வாரமே அதே கறுப்புத் திரை, அதே செய்தி. கோளாறு கார்டில் இல்லை, அதற்கு வரும் கரண்டில் இருக்கலாம் என்று அப்போதுதான் உறைத்தது.

மல்டிமீட்டரை எடுத்து, சும்மா தொங்கிக்கொண்டிருந்த ஒரு கனெக்டரின் மஞ்சள் கம்பியிலும் கறுப்புக் கம்பியிலும் வைத்தேன். மெஷின் சும்மா இருக்கும்போது 11.8 வோல்ட். “சார், அந்தப் பெரிய டிராயிங்கைத் திறந்து சுத்திக்கிட்டே இருங்க” என்றேன். மூத்தவர் சுழற்றச் சுழற்ற எண் இறங்கியது. 11.6, 11.4, 11.2. திரை கறுத்தது. அந்த மஞ்சள் கம்பிதான் 12 வோல்ட் லைன். அதில் ஐந்து சதவீத ஏற்ற இறக்கம்தான் அனுமதி, 11.4-க்குக் கீழே போகக்கூடாது. அவரும் எட்டிப் பார்த்துவிட்டு, “படியில இறங்குற மாதிரி இறங்குதே” என்றார்.

மெஷினுக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டியான பவர் சப்ளையின் காற்றுத் துளை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன். பெட்டியைத் திறக்கவில்லை, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயிரை வாங்கும் அளவு மின்சாரம் தேங்கியிருக்கலாம். மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர்களின் தட்டையாக இருக்க வேண்டிய தலைகளில் இரண்டு, பூரித்த கன்னம் மாதிரி உப்பியிருந்தன. இந்த வகைக் கெப்பாசிட்டருக்குச் சூடு பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் பழைய கணக்கு. முதல் தடவை அத்தனை தூசியைப் பார்த்த நான், பவர் சப்ளை பக்கம் டார்ச்சைத் திருப்பவே இல்லை. கோளாறு திரையில் தெரிந்தது, நானும் திரையோடு நேராக இணைந்திருந்த சாமானையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன்.

புது பவர் சப்ளை போட்டதும், அதே டிராயிங்கை எவ்வளவு சுழற்றினாலும் 12 வோல்ட்டை ஒட்டியே நின்றது. கடன் வாங்கிய கார்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அலமாரியைத் திறந்து இரண்டு பிணங்களையும் எடுத்தேன். முதலாவதில் பீப் சத்தத்தைத் தவிர ஒன்றும் வரவில்லை. இரண்டாவதை மாட்டி, மூன்று நாள் வேண்டுமென்றே வாட்டி எடுத்தேன். ஒரு தடவைகூடத் திரை கறுக்கவில்லை.

கேபினெட்டின் பக்கவாட்டு மூடியை மாட்டப் போகும்போது மூத்தவர் குனிந்து பார்த்தார்.

“என்ன தம்பி, செத்ததுன்னு எழுதின கார்டு உள்ள இருக்கு?”

“அது தப்பா எழுதிட்டேன் சார்.”

ஸ்பிரிட்டில் துடைத்துப் பார்த்தேன். மார்க்கர் மை முழுசாகப் போகவில்லை.