பதினாறு நாள்

20 அக்டோபர் 2024, ஞாயிறு
மாலை 5.40. அம்மா போய்விட்டார். ஐப்பசி, தேய்பிறைச் சதுர்த்தி. திதியை இப்போதே எழுதி வைப்பது நல்லது. அடுத்த வருடம் ஆளுக்கொரு நாள் சொல்வார்கள்.

21 அக்டோபர்
தவுக்கே (சீன முதலாளி) கடையில் கிடைத்த கொள்ளிக்குடம் கனமானது. கனத்த குடத்தில் ஓட்டை போடும்போது ஓங்கித் தட்டினால் பக்கவாட்டில் விரிசல் ஓடி, முதல் சுற்றிலேயே தோளோடு உடைந்துவிடும். கத்தி முனையால் மெல்லக் கொத்த வேண்டும். முதல் ஓட்டை கழுத்துக்குச் சற்றுக் கீழே, இரண்டாவது இடுப்பில், மூன்றாவது அடியில். இந்த வரிசை மாறினால் முதல் சுற்றிலேயே தண்ணீர் முழுதும் இறங்கிவிடும், மீதி இரண்டு சுற்றுக்கு வெறுங்குடம்தான். சடங்கு நடத்துகிற பண்டாரம் பழைய ஆள், சரியாகச் செய்தார்.

பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்தார்கள். போகிற வழி இருட்டு என்பதால் அந்த வெளிச்சம். கிறிஸ்தவ சபைக்குப் போகிற மூத்தவளின் பிள்ளைகள் பிடிக்கவில்லை. சபையில் தடை. அவளை யாரும் வற்புறுத்த வேண்டாம் என்று சொல்லி வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. வாய்க்கரிசியும் அவள் போடவில்லை. கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்த வெள்ளைத்துணி ஒரு பக்கம் நழுவியிருந்தது. குனிந்து அதை மட்டும் அவிழ்த்து, திரும்பவும் இறுக்காமல் கட்டினாள். வலிக்கும் என்பதுபோல.

அதைப் பார்த்த பிறகும் ஒருவர் கூடாரத்துக்கு அடியில் நின்று, "ரட்சிக்கப்படாமல் போனவர்கள் எங்கே போவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும்" என்றார். எழவு வீட்டில், காப்பி கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு.

22 அக்டோபர்
பால் தெளிப்பு. கேஸ் அடுப்பில் எரித்தால் எலும்பு சிறுசிறு வெள்ளைத் துண்டுகளாகத்தான் கிடைக்கும். காலிலிருந்து தொடங்கித் தலையில் முடிக்க வேண்டும். கலந்து அள்ளினால் வரிசை தெரியாது. பால், பிறகு இளநீர். மண்கலயம்தான் வேண்டும். சூடு முழுதும் ஆறாத சாம்பலை பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு அடி உருகிப்போன வீடுகள் உண்டு. கலயம் வீட்டுக்குள் வரக்கூடாது. நேரே லுமுட் கடலுக்கு.

23 அக்டோபர்
மூத்தவள் தூங்கவில்லையாம். "அம்மா இப்ப எரிஞ்சிக்கிட்டா இருக்காங்க?" என்று தம்பியிடம் கேட்டிருக்கிறாள்.

24 அக்டோபர்
"இப்ப" என்கிற அந்தச் சொல்லையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அவள் கையில் இருப்பது தமிழ் வேதாகமம். அதில் இரண்டு இடங்கள், இரண்டு சொற்கள். பாதாளம் என்பது ஒன்று. எபிரேயத்தில் ஷியோல், கிரேக்கத்தில் ஹேடிஸ். இறந்தவர்கள் இருக்குமிடம். நரகம் என்பது வேறு. அது கெஹென்னா. எருசலேமுக்குத் தெற்கே உள்ள இன்னோம் பள்ளத்தாக்கின் பெயர்தான் அப்படித் திரிந்தது. பிள்ளைகளைத் தீயில் பலி கொடுத்த இடம் என்று எரேமியா 7-ஆம் அதிகாரம் அழுகிறது. மலாய்க்காரர்கள் சொல்லும் ஜஹன்னமும் அதே சொல். ஒரு பள்ளத்தாக்கின் பெயரை இரண்டு மதம் சுமக்கிறது.

வெளிப்படுத்தின விசேஷம் 20-இல் நியாயத்தீர்ப்பு நடந்த பிறகுதான் அக்கினிக்கடல். "மரணமும் பாதாளமும் அக்கினிக்கடலிலே தள்ளப்பட்டன" என்றே இருக்கிறது. பாதாளமே அதற்குள் தள்ளப்படுகிறது என்றால் இரண்டும் ஒன்றாக இருக்க முடியாது. அப்படியானால் அவளுடைய வேதத்தின்படியே இன்று யாரும் அக்கினிக்கடலில் இல்லை. லூக்கா 16-இல் ஐசுவரியவான் பாதாளத்தில் இருந்துகொண்டே அக்கினிஜுவாலையில் வேதனைப்படுகிறேன் என்கிறானே, நடுவில் பெரும்பிளப்பு இருக்கிறதே என்று அவள் கேட்பாள். கேட்கத்தான் வேண்டும். அதை மறைத்து ஆறுதல் சொன்னால் அந்த ஆறுதல் ஒரு வாரம் தாங்காது. ஆனால் அந்த மனிதன் தன் வாசலில் கிடந்த பசித்தவனைப் பார்க்காமல் விட்டவன். அம்மா வாசலில் பசியோடு யார் நின்றாலும் விட்டதில்லை. இதை அவளே சொல்லட்டும்.

26 அக்டோபர்
இரண்டு நாளாக மழை. லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் செம்பனைத் தோட்டத்துக்குள் போகிற லாரித்தடம் முழுதும் செஞ்சேறு. காலை வைத்தால் முழங்கால் வரை இழுக்கிறது. எடுக்கும்போது செருப்பு உள்ளேயே தங்கிவிடுகிறது.

திருக்குறளில் நரகத்துக்குப் பெயர் அளறு. அளறு என்றால் சேறு. நெருப்பு இல்லை, எண்ணெய்க் கொப்பரை இல்லை. இன்னொரு குறளில் ஆரிருள். சேறும் இருட்டும்தான் வள்ளுவர் காட்டும் நரகம். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதே இல்லை.

ஆனால் 255-ஆம் குறள் உறுத்துகிறது. "அண்ணாத்தல் செய்யாது அளறு." விழுங்கினால் வாய் திறக்காது. எவ்வளவு காலத்துக்குத் திறக்காது? என்றைக்குமா, வினை தீரும் வரைக்குமா? உரைகளைப் புரட்டினால் நீண்ட காலம் என்கிற பொருள் வருகிறது. நம் சைவத்தில் முடிவில்லாத நரகம் கிடையாது. செய்ததற்கு அளவு உண்டு, ஆகவே அனுபவிப்பதற்கும் அளவு உண்டு. தீர்ந்ததும் உயிர் திரும்பப் பிறக்கிறது. இதை நான் முழுதும் நம்புகிறேன். எழுபது வருடம் செய்ததற்கு முடிவே இல்லாத தண்டனை என்றால் கணக்கு எங்கேயோ தப்பு.

27 அக்டோபர்
எட்டு. வெள்ளைத்துணி விரித்து, தலைவாழை இலை மூன்று. அம்மாவுக்குப் பிடித்த நெத்திலிச் சம்பல் வைக்கலாமா கூடாதா என்று பெரிய பேச்சு. எட்டுக்கு மச்சம் (மீன், இறைச்சி) வைக்கிற வீடும் உண்டு, பதினாறு முடியும் வரை சைவம் என்கிற வீடும் உண்டு. இது வீட்டு வழக்கம். சாஸ்திரம் என்று சண்டை போட வேண்டாம்.

சாஸ்திரம் பேசுகிறவர்கள் பத்து நாள் பிண்டத்தைப் பற்றிப் பேசலாம். கருட புராணக் கணக்கில் முதல் நாள் பிண்டத்தில் தலை உண்டாகிறது. இரண்டாம் நாள் கழுத்தும் தோளும், மூன்றாம் நாள் நெஞ்சு, பிறகு முதுகு, தொப்புள், இடுப்பு, தொடை, முழங்கால், பாதம். பத்தாம் நாள் பசியும் தாகமும். ஒரு முழ உயரத்துக்கு உடம்பு. இங்கே யாரும் பத்து நாள் வைப்பதில்லை. லீவு கிடைக்காது. பதினாறில் எல்லாவற்றையும் ஒன்றாகப் பிடித்து வைக்கிறார்கள்.

அதுவரை அம்மா எந்த உடம்போடு இருக்கிறார்?

28 அக்டோபர்
இஸ்லாத்துக்கு மாறிய தங்கை மகள் வந்தாள். வாசலிலேயே உட்கார்ந்துவிட்டுப் போனாள். மாமியார் வீட்டில் இறந்தவருக்காகத் தஹ்லில் ஓதுவார்கள், ஆனால் அம்மாவுக்காக ஓத முடியாதாம். முஸ்லிமாக இறந்தவருக்கு 3, 7, 40, 100 என்று நாள் வைத்துச் சோறு கொடுத்து ஓதுகிற பழக்கம் இங்கே உண்டு. கப்ரில், அதாவது புதைகுழியில், முன்கர், நகீர் என்கிற வானவர்கள் கேட்கும் கேள்விக்குப் பதிலை நினைவூட்டத் தல்கீன் படிக்கிறார்கள். அந்தத் தல்கீன் நம்முடைய நெய்ப்பந்தம் மாதிரிதான். போகிறவருக்குக் கையில் ஏதாவது கொடுத்தனுப்ப வேண்டும்.

அவர்களுக்கும் எல்லா நெருப்பும் ஒரே மாதிரி இல்லை. கடுகளவு ஈமான் (இறைநம்பிக்கை) உள்ளத்தில் இருந்தவனும் கடைசியில் வெளியே எடுக்கப்படுவான் என்று நபிமொழியான ஹதீஸ். இறைச்செய்தி சரியாக எட்டாதவர்கள் மன்னிக்கப்படுவார்கள் என்று 1111-இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி எழுதியிருக்கிறார். அவளிடம் இதைச் சொன்னதும் பெயரை ஒரு காகிதத்தில் எழுதித் தரச் சொன்னாள். மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

30 அக்டோபர்
நாளை தீபாவளி. இந்த வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஏறாது. பக்கத்து வீடுகளிலிருந்து முறுக்கு வந்து மேசையில் நிறைந்துவிட்டது. மற்ற வீடுகளில் இன்று முன்னோருக்குப் படையல். புதிதாகப் போனவருக்கு மட்டும் இன்னும் அந்த வரிசையில் இடம் இல்லை. பதினாறு முடிய வேண்டும்.

விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளித்தால் நரக பயம் இல்லை என்பார்கள். நரக சதுர்த்தசி. துக்க வீட்டுக்கு அது இல்லை.

31 அக்டோபர்
பட்டாசுச் சத்தம். தூக்கமில்லை.

1 நவம்பர்
இன்று பதின்மூன்றாம் நாள். புராணத்தின்படி உயிர் இன்றைக்குத்தான் கிளம்புகிறது.

எமன் ஊருக்கு 86,000 யோசனை தூரம். யோசனை என்பது பழைய தூர அளவு. ஒரு பகலும் இரவும் சேர்ந்து 247 யோசனை நடை. வகுத்துப் பார்த்தால் 348 நாள். அதோடு இந்தப் பன்னிரண்டைக் கூட்டினால் 360. வருஷாப்திகம் ஏன் வருடத்தில் வருகிறது என்பதற்கு இந்தக் கணக்குத்தான். வழியில் பதினாறு ஊர். மாசாமாசம் இங்கே வைக்கிற சோற்றை அங்கே ஏதாவது ஓர் ஊரில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். மாசிகம் விட்டுப்போனால் அந்த ஊரில் பட்டினி.

நடுவில் வைதரணி. நூறு யோசனை அகலம். சீழும் ரத்தமும். பசு தானம் கொடுத்தவர்கள் அதன் வாலைப் பிடித்துக் கடக்கலாம். இங்கே பசுவுக்கு எங்கே போவது? மாட்டுக்கொட்டகை இருந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள். பண்டாரம் தட்டில் 51 வெள்ளி (ரிங்கிட்) வைத்து, பசு என்று சொல்லி வாங்கிக்கொள்கிறார். தவறில்லை. இயலாதவன் விலையைக் கொடுக்கலாம் என்று வழி இருக்கிறது.

அம்மாவுக்கு நீச்சல் தெரியாது.

2 நவம்பர்
கல்லறைத் திருநாள். கத்தோலிக்கர்களான சின்னவன் மனைவி வீட்டார் காலையிலேயே மெழுகுவத்தி, சாமந்தி எல்லாம் எடுத்துக்கொண்டு போனார்கள். நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறைக்குப் போய் ஜெபித்தால், பாவசங்கீர்த்தனம் செய்து நற்கருணையும் வாங்கியிருந்தால், உத்தரிக்கிற ஸ்தலத்தில் சுத்திகரிக்கப்படுகிற ஆத்துமாவுக்குப் பரிபூரண பலன். ஒரு நாளைக்கு ஒன்று. ஒரு ஆத்துமாவுக்காக முப்பது நாள் இடைவிடாமல் பூசை வைக்கும் வழக்கமும் அவர்களுக்கு உண்டு.

கத்தோலிக்கர்களுக்கு நெருப்பு இரண்டு. ஒன்று முடியும், ஒன்று முடியாது. ஆனால் இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று பெயர் சொல்லித் திருச்சபை இதுவரை அறிவித்ததே இல்லை, யூதாசைக் கூட. தங்கள் குற்றமில்லாமல் நற்செய்தியை அறியாமல், நேர்மையாகக் கடவுளைத் தேடியவர்களும் மீட்படையலாம் என்று 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் எழுதிவிட்டது. சின்னவன் அக்காளிடம் இதைச் சொன்னானாம். "அது உங்க சபை" என்றாளாம். அவள் சொல்வதும் நியாயம். அவள் நம்பாத புத்தகத்திலிருந்து எடுத்துக் கொடுத்தால் அவளுக்கு அது எப்படிப் போதும்?

3 நவம்பர்
கற்பூரம், எள், தர்ப்பை, பச்சரிசி 2 கிலோ, வாழைக்காய். தவுக்கே பணம் குறைத்துக்கொண்டார். எத்தனை நாள் என்று கேட்டார். பதினாறு என்றதும், "நமக்கு நாற்பத்தொம்பது" என்றார். சீனர்கள் கணக்கில் இறந்தவருக்கு ஏழு நாளுக்கு ஒரு நீதிமன்றம், ஏழு ஏழாக 49. எட்டாவது நூறாம் நாள், ஒன்பதாவது ஒரு வருடம், பத்தாவது மூன்றாம் வருடம். ஐந்தாம் மன்றத்து ராஜா நம்முடைய எமனேதான். பௌத்தத்தோடு சீனாவுக்குப் போய் யென்லோ ஆகிவிட்டார். பத்தாவதில் மறதிக் கஞ்சி குடித்துத் திரும்பப் பிறக்க வேண்டும். அங்கேயும் முடிவு உண்டு.

4 நவம்பர், திங்கள்
பதினாறு. காலை 6.30-க்கு ஆற்றங்கரை. பிண்டம் பத்து. பச்சரிசி மாவும் எள்ளும் பிசையும்போது தண்ணீர் கூடிவிட்டது, உருட்டினால் நிற்கவில்லை. மாவு குறைவாக இருந்தால் மசித்த வாழைக்காயைச் சேர்க்கலாம். அப்படித்தான் சேர்த்துப் பிடித்தார்கள். காக்கை உடனே வந்தது.

தேவாரம் பாடும்போது அப்பர் பாடலைத்தான் எடுத்தோம். "நமனை அஞ்சோம், நரகத்தில் இடர்ப்படோம்." சுண்ணாம்புக் காளவாயில் ஏழு நாள் கிடந்தவர் சொன்னது.

மூத்தவள் வந்திருந்தாள். கரையில் ஏறி நின்றாள், கீழே இறங்கவில்லை. முடிந்ததும் அவளிடம் ஆதியாகமம் 18:25-ஐ மட்டும் சொன்னேன். "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ?" அவளுடைய புத்தகம்தான். ஆபிரகாம் கேட்டது, அதுவும் தன்னைச் சேராத ஊருக்காக. அவள் பதில் சொல்லவில்லை. ஈரமான பித்தளைச் சொம்பை வாங்கித் துடைத்துக் கொடுத்தாள்.

6 நவம்பர்
கணக்கு ஒத்துவரவில்லை. நவம்பர் 1-இல் கிளம்பினால் 348 நாள் முடிவது அடுத்த வருடம் அக்டோபர் 15. ஐப்பசித் தேய்பிறைச் சதுர்த்தி விழுவதோ நவம்பர் 8. நடுவில் 24 நாள். போய்ச் சேர்ந்துவிட்டார், தீர்ப்பு சொல்லியாயிற்று, இங்கே இன்னும் இலை போடவில்லை என்றால் எப்படி? கூடுதலாக ஒரு மாசிகம் வைக்கலாமா என்று பண்டாரத்தைக் கேட்க வேண்டும்.

7 நவம்பர்
பண்டாரம் ஊரில் இல்லை. மூத்தவள் போன் செய்தாள். அந்த 24 நாளுக்கு யார் சோறு வைப்பது என்று கேட்டாள்.