கோரைப் புல்லிலிருந்து வந்த மருந்து

நேற்று அம்மாவுக்குப் புற்றுநோய் மருந்து ஐந்தாவது டிரிப் ஏற்றினார்கள். கோத்தகிரியில் விடிகாலை பஸ் ஏறி மேட்டுப்பாளையம், அங்கிருந்து கோயம்புத்தூர். 21 நாளைக்கு ஒரு தடவை இதே வழிதான். முதல் தடவை 90 நிமிடம் ஏற்றினார்கள். உடம்பு ஒத்துக்கொண்டதால் இப்போது அரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது.

மருந்தின் பெயர் டிரஸ்டுசுமாப் எம்டான்சின். நுண்ணுயிரியல் படித்த எனக்கு அந்தப் பின்பாதியிலேயே கண் நின்றது. எம்டான்சின் என்பது மேடான்சின் என்ற நஞ்சின் வழி வந்தது. அந்த நஞ்சை 1972இல் அமெரிக்க வேதியியலாளர் குப்சனின் குழு எத்தியோப்பியப் புதர்ச்செடி ஒன்றிலிருந்து பிரித்தது. செல் இரண்டாகப் பிரியும்போது இழுத்துக் கொடுக்கும் நுண்குழாய்களை அது உருவாக விடாது. ஆனால் செடியில் கிடைத்தது கொஞ்சத்திலும் கொஞ்சம். 1977இல் ஜப்பானின் தகேடா நிறுவன ஆய்வாளர்கள், கோரைப் புல்லிலிருந்து எடுத்த ஒரு பாக்டீரியா கிட்டத்தட்ட அதே பொருளைச் சுரப்பதைக் கண்டார்கள். ஆன்சமைட்டோசின் என்று பெயர். அப்புறம் எதற்குச் செடியை வெட்ட வேண்டும்? தொட்டியில் பாக்டீரியாவை வளர்த்தால் போதும். அம்மாவின் மருந்துக்கு மூலப்பொருள் அதுதான்.

தனியாக உடம்பில் ஏற்றினால் அந்த நஞ்சைத் தாங்க முடியாது. அதனால், சில புற்றுசெல்களின் மேல் மிகுதியாக இருக்கும் ஹெர்2 என்ற புரதத்தைத் தேடிப் பிடிக்கும் எதிர்ப்பொருளோடு அதைக் கோத்துவிட்டார்கள். புற்றுசெல் அதை விழுங்கிய பிறகுதான் நஞ்சு அவிழும். அமெரிக்காவில் 2013இல் அனுமதி கிடைத்தது.

எம்.எஸ்சி. கடைசி வருடம் நானும் கோரை இலைக்குள்தான் பாக்டீரியா தேடினேன். அனுமதி வாங்கி, கோத்தகிரியின் லாங்வுட் சோலைக் காட்டில் ஓடையோரத்தில் பறித்தது. இலையை 70 சதவீத ஆல்கஹாலில் முக்கி, பிளீச்சில் முக்கி, கிருமி நீக்கிய தண்ணீரில் மூன்று முறை அலச வேண்டும். பிறகு துண்டாக வெட்டி, பாக்டீரியா வளர்க்கும் அகார் கூழ் ஊற்றிய தட்டில் வைக்க வேண்டும். கடைசியாக அலசிய தண்ணீரையும் அதே மாதிரி இன்னொரு தட்டில் ஊற்றி வைப்போம். அதில் ஏதாவது முளைத்தால், இலைக்கு வெளியே இருந்த கிருமி போகவில்லை என்று அர்த்தம். எனக்கு அந்தத் தட்டு சுத்தமாக இருந்தது. பன்னிரண்டாம் நாள் இலைத்துண்டின் வெட்டுவாயில் சாக்பீஸ் தூள் போல ஒரு வெள்ளைத் திட்டு. கம்பியால் சுரண்டினால் வரவில்லை, அகாரைக் கவ்விக்கொண்டு கிடந்தது. மூடியைத் திறந்ததும் புதுமழை பட்ட மண் வாசம்.

படிப்பு முடிந்ததும் ஃபிரிட்ஜில் இடமில்லை என்று எல்லாத் தட்டையும் நீராவியில் கிருமி கொல்லும் ஆட்டோகிளேவில் போட்டுக் கொட்டச் சொன்னார்கள். நானும் கொட்டிவிட்டேன். அதில் மருந்து இருந்திருக்கும் என்று சொல்ல வரவில்லை. அது என்ன சுரந்தது என்று ஒரு தடவைகூடச் சோதிக்காமல் கொட்டினேன், அதுதான் இன்னும் உறுத்துகிறது. சோலை என்றால் நாம் மரத்தை மட்டும் எண்ணுகிறோம். ஒவ்வொரு இலைக்குள்ளும் குடியிருப்பவை கணக்கிலேயே வருவதில்லை.

திரும்பும்போது கொண்டை ஊசி வளைவுகளில் அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். கண்ணை மூடியபடியே கேட்டாள்: "அந்தப் புல்லு நம்ம பக்கம் இருக்கா கண்ணு?"

"அதே வகையான்னு தெரியலம்மா. கோரை நிறைய இருக்கு."

"ஒரு நாள் கூட்டிட்டுப் போய்க் காட்டு."

பிளேட்லெட் கொஞ்சம் ஏறட்டும், போகலாம் என்று சொல்லியிருக்கிறேன்.