அடத்துக்குப் பின்னால் இருக்கும் தேவை: ஓர் ஆலோசகரின் நாட்குறிப்பு

ஜூன் 3

பெற்றோர் குழுவுக்கான புதிய பயிற்சித் திட்டத்தை எழுதத் தொடங்கும் முன், குழந்தைகளின் சிக்கலான நடத்தை பற்றிய பழைய ஆய்வறிக்கைகளை ஒருமுறை மறுபடி வாசித்துவிட வேண்டும் என்று எண்ணியிருந்தேன். இன்று எடுத்தது கார்ல் வில்லியம்ஸ் 1959-இல் வெளியிட்டது; ஒரே பக்கத்தில் அடங்கிவிடும் அறிக்கை. முதல் 18 மாதங்களில் பெரும்பகுதியை நோயுடன் கழித்த ஓர் ஆண் குழந்தை, உடல் தேறி 21 மாதமான பின்பும், படுக்கவைத்தவர் அறையை விட்டு நகர்ந்தால் வீறிட்டு அழுகிறான். அவன் கண்ணயரும்வரை அரை மணி முதல் இரண்டு மணி நேரம்வரை யாராவது பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது. நோயில் கிடந்தபோது அழுகுரல் கேட்டு ஓடிவந்தது சரியான செயல்தான். நோய் விலகிய பின்பும் அந்த ஏற்பாடு மட்டும் விலகவில்லை.

உடலில் குறை ஏதும் இல்லை என்று உறுதிசெய்துகொண்ட பின், குழந்தையை அவசரமின்றி, அன்பாகப் படுக்கவைத்து, கதவைச் சாத்திவிட்டு வந்துவிடுவது என்றும், அழுதாலும் திரும்பிப் போவதில்லை என்றும் முடிவாயிற்று. முதல் முறை 45 நிமிடம் அழுதான். பத்தாவது முறை முனகல்கூட இல்லை. பெரியவர் வெளியேறும்போது சிரித்தான். ஏறத்தாழ ஒரு வாரம் கழித்து, படுக்கவைக்கப் போன உறவுக்காரப் பெண்மணி அழுகைக்கு மனமிரங்கி அறைக்குத் திரும்பி, அவன் தூங்கும்வரை உடனிருந்தார். அந்த ஒரு முறையிலேயே பழைய அழுகை உயிர்பெற்றது. எல்லாவற்றையும் மீண்டும் தொடங்கவேண்டியதாயிற்று. இரண்டாம் சுற்றில் அடங்கிய அழுகை, அடுத்த இரண்டு ஆண்டுகளில் திரும்பவில்லை.

“அழுத பிள்ளை பால் குடிக்கும்” என்று நாம் சொல்வதைத்தான் அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் ஆய்வுக்கூடத்தில் அளந்து காட்டினார்: எந்தச் செயல் பலன் தருகிறதோ அது மீண்டும் நிகழும். அந்தப் பலனைத் தருபவர்கள் நாம்தான் என்பதைப் பெற்றோர் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது என்பதே என் வேலையின் கடினமான பகுதி.

ஜூன் 5

பலன் நின்றவுடன் அழுகை குறைவதற்கு முன் சற்று நேரம் கூடக்கூடும் என்று எல்லாப் பாடநூல்களும் எச்சரிக்கின்றன. எத்தனை பேரிடம் அப்படி நடக்கிறது என்று டோரதியா லெர்மனும் பிரையன் இவாட்டாவும் 1995-இல் 113 தரவுத் தொகுப்புகளை எடுத்துப் பார்த்தார்கள். வலுவூட்டலை, அதாவது அந்தப் பலனை, நிறுத்துவதை மட்டும் செய்த இடங்களில் 36 சதவீதம். வேறு உத்திகளையும் சேர்த்துக் கையாண்ட இடங்களில் 12 சதவீதம். பெற்றோரை முன்கூட்டியே அச்சுறுத்தத் தேவையில்லை என்பதற்கும், வெறுமனே ‘கண்டுகொள்ளாதீர்கள்’ என்று சொல்லி அனுப்பக் கூடாது என்பதற்கும் இதைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டாம்.

ஆனால் அந்த உச்சத்தில் விட்டுக்கொடுப்பதைத்தான் நான் அஞ்சுகிறேன். பத்து நிமிட அலறலுக்கு இணங்காதவர் இருபதாவது நிமிடத்தில் இணங்கினால், இருபது நிமிடம் அலற வேண்டும் என்பதையே குழந்தை கற்றுக்கொள்கிறது. எப்போதாவது மட்டும் பலன் தரும் செயல், எப்போதும் பலன் தரும் செயலைவிட அழிவதற்கு அதிகக் காலம் பிடிக்கும் என்பது ஆய்வுக்கூடத்தில் திரும்பத் திரும்ப உறுதியான செய்தி. ஆகவே, இணங்குவதாக இருந்தால் தொடக்கத்திலேயே இணங்கிவிடுங்கள் என்று பெற்றோரிடம் தயங்காமல் சொல்கிறேன்.

ஜூன் 9

இன்று ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஒரு தாயையும் நான்கு வயது மகனையும் கவனித்தேன். முதல் பத்து நிமிடம் அவன் மரக்கட்டைகளை நிறவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு வரிசை முடிந்ததும் தலையைத் திருப்பி அம்மாவைப் பார்த்தான். அவர் கைப்பேசியில் இருந்தார். பின்பு நேரமாகிவிட்டது என்று எழுந்து, “பொம்மையெல்லாம் எடுத்து வை கண்ணா” என்றார். அவன் அசையவில்லை. குரல் சற்று உயர்ந்தது: “எத்தனை தடவை சொல்றது?” அவன் ஒரு கட்டையை விட்டெறிந்தான். “அடி வாங்கப் போறே” என்றதும் தரையில் புரண்டு கத்தத் தொடங்கினான். சிறிது நேரத்தில் அவர், “சரி விடு, நானே எடுத்து வைக்கிறேன்” என்று குனிந்து கட்டைகளைப் பெட்டியில் போட்டார். கத்தல் உடனே நின்றது.

ஜெரால்ட் பேட்டர்சன் ஆரிகன் மாநிலத்தில் பல ஆண்டுகளாகக் குடும்பங்களை அவர்களின் வீட்டிலேயே கவனித்துப் பதிவுசெய்து, 1982-இல் விரிவாக எழுதிய வற்புறுத்தல் சுழற்சி, வரி பிசகாமல் இதுதான். கத்தினால் வேலை நீங்குகிறது என்று மகன் கற்றான். இணங்கினால் கத்தல் நீங்குகிறது என்று தாய் கற்றார். இருவருக்கும் விரும்பத்தகாத ஒன்று அகன்றது. ஆகவே இருவரின் செயலும் வலுப்பெற்றது. அடுத்த முறை தாய் சற்று உரக்கத் தொடங்குவார், மகனும் அப்படியே. இதில் யாரும் கெட்டவர் இல்லை. பெரியவரும் அதே விதிக்குக் கட்டுப்பட்டவர் என்பதை இவ்வளவு கருணையோடு காட்டிய கோட்பாடு வேறு எனக்குத் தெரியவில்லை.

கத்தலைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது முதல் பத்து நிமிடம். அமைதியாக அவன் திரும்பிப் பார்த்தபோதெல்லாம் அவனுக்கு எதுவும் கிடைக்கவில்லை.

ஜூன் 14

இவாட்டாவும் சக ஆய்வாளர்களும் 1982-இல் வெளியிட்ட, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் குழந்தைகள் பற்றிய ஆய்வு. வளர்ச்சிக் குறைபாடு உள்ள ஒன்பது பேரை நான்கு விதமான சூழ்நிலைகளில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள்: காயப்படுத்திக்கொண்டால் பெரியவர் வந்து கண்டித்துத் தொடுவது, காயப்படுத்திக்கொண்டால் கொடுத்த பயிற்சி வேலை சற்று நேரம் விலக்கப்படுவது, தனியாக இருப்பது, எந்தக் கட்டளையும் இன்றி விளையாட விடுவது. ஆறு பேரிடம், குறிப்பிட்ட ஒரு சூழலில் மட்டும் நடத்தை தெளிவாகக் கூடியது. அந்தச் சூழலும் எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் செயல், ஒரு குழந்தைக்குக் கவனத்தையும் இன்னொரு குழந்தைக்கு வேலையிலிருந்து விடுதலையையும் பெற்றுத்தருகிறது.

இதை உணராமல் தீர்வு சொன்னால் என்ன ஆகும்? கணக்குப் பாடத்திலிருந்து தப்பிக்க மேசையைத் தட்டும் குழந்தையை வகுப்புக்கு வெளியே நிறுத்துவது, அது கேட்டதையே கையில் கொடுப்பதாகும். ஆசிரியருக்கு அது தண்டனை. குழந்தைக்கு அது பரிசு.

எட்வர்ட் கார், மார்க் டுராண்ட் இருவரும் 1985-இல் எடுத்துவைத்த அடுத்த அடி என்னை ஒவ்வொரு முறையும் நெகிழவைக்கிறது. நான்கு குழந்தைகள். சிலருக்குப் பாடம் கடினமாகும்போது தொல்லை கூடியது. சிலருக்குப் பெரியவரின் கவனம் குறையும்போது கூடியது. கடினத்தால் தவித்தவர்களுக்கு ‘எனக்குப் புரியவில்லை’ என்று சொல்லவும், கவனத்துக்கு ஏங்கியவர்களுக்கு ‘நான் நன்றாகச் செய்கிறேனா?’ என்று கேட்கவும் கற்றுக்கொடுத்தார்கள். அப்படிச் சொன்னவுடன் உதவியோ பாராட்டோ தவறாமல் கிடைத்தது. தொல்லை பெருமளவு குறைந்தது. தேவைக்குப் பொருந்தாத வாக்கியத்தைக் கற்றுக்கொடுத்தபோது பலனில்லை. நடத்தையை ஒடுக்குவதற்கு முன், அது செய்துவந்த வேலையைச் செய்ய இன்னும் எளிய வழி ஒன்றைக் குழந்தையிடம் கொடுத்துவிட வேண்டும். என் திட்டம் முழுவதும் இதன்மேல்தான் நிற்கப்போகிறது.

ஜூன் 18

பாராட்டு பற்றி. 1968-இல் சார்ல்ஸ் மேட்சன், வெஸ்லி பெக்கர் முதலியோர் வகுப்பறைகளில் செய்த ஆய்வுகளை ஒவ்வோர் ஆசிரியரும் வாசிக்க வேண்டும். விதிகளை மட்டும் அறிவித்தால் பெரிய மாற்றம் இல்லை. தவறைக் கண்டுகொள்ளாமல் விட்டு, நல்ல செயலை உடனுக்குடன் பாராட்டியபோதுதான் வகுப்பு மாறியது. அதே ஆண்டின் இன்னோர் ஆய்வில், ‘உட்கார்’ என்று ஆசிரியர் அடிக்கடி சொல்லச் சொல்ல, எழுந்து நிற்கும் குழந்தைகள் கூடினார்கள். உட்கார்ந்திருப்பவர்களைப் பாராட்டியபோது குறைந்தார்கள். கண்டிப்பும் ஒருவகைக் கவனிப்புதான்.

பரிசு கொடுத்தால் ஆர்வம் கெட்டுவிடாதா என்று கேட்கும் பெற்றோர் வீண் சந்தேகம் கிளப்பவில்லை. லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் 1973-இல், தாமாகவே விரும்பிப் படம் வரையும் மழலையர்களுக்குச் சான்றிதழ் தருவதாக முன்கூட்டிச் சொல்லி வரையவைத்தபோது, பின்னர் அவர்கள் தாமாக வரையும் நேரம் மற்றவர்களின் நேரத்தில் ஏறத்தாழ பாதியாகிவிட்டது. எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு அப்படி ஆகவில்லை. குழந்தை ஏற்கெனவே மகிழ்ந்து செய்வதற்கு விலை வைக்காதீர்கள். இன்னும் தொடங்காத ஒன்றுக்கு, தொடக்கத்தில் மட்டும், சிறு பரிசு தரலாம். இதுவே நான் எடுக்கும் நிலைப்பாடு.

ஜூன் 23

அடிப்பதைப் பற்றிக் குழுவில் கேள்வி வராத நாளே இல்லை. கெர்ஷாஃப், குரோகன்-கெய்லர் இருவரும் 2016-இல் 75 ஆய்வுகளை, 1,60,927 குழந்தைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். அளந்த 17 விளைவுகளில் 13 அடிப்பதுடன் தொடர்புடையனவாக இருந்தன. அத்தனையும் கேட்டின் பக்கமே. இவை தொடர்பைக் காட்டும் ஆய்வுகள் என்பதையும், அடியால் நன்மை விளைந்ததாக ஒன்றுகூடத் தெரியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

டைம்-அவுட் பற்றிய குழப்பமும் தீரவேண்டும். மகிழ்ச்சி தரும் சூழலிலிருந்து சில நிமிடம் விலக்கிவைப்பது என்பதுதான் அதன் பொருள். அந்தச் சூழலில் மகிழ்ச்சியே இல்லை என்றால் விலக்குவதற்கு எதுவும் இல்லை. வேலையிலிருந்து தப்பிக்க விரும்பும் குழந்தைக்கோ அது உதவியாகவே முடியும். அமைதியான குரலில், குறுகிய நேரம், முடிந்ததும் முதலில் சொன்ன கட்டளைக்கே திரும்புதல். மூலையில் நிறுத்தி மணிக்கணக்கில் அவமானப்படுத்துவதற்கு இந்தப் பெயரைச் சூட்டுவது அநியாயம்.

ஜூன் 27

திட்டத்தின் வரைவு இன்று முடிந்தது. ஜெனிஃபர் காமின்ஸ்கி குழுவினர் 2008-இல் 77 ஆய்வுகளை ஒப்பிட்டு, எந்தப் பயிற்சிக் கூறுகள் கூடுதல் பலனுடன் சேர்ந்து காணப்படுகின்றன என்று பிரித்துக் காட்டியிருந்தார்கள்: குழந்தையுடனான நல்ல உறவாடலைக் கூட்டுதல், உணர்வுகளைப் பேசும் திறன், டைம்-அவுட்டைச் சரியாகக் கையாளுதல், ஒரே சீரான பதில், எல்லாவற்றுக்கும் மேலாக, பயிற்சி நேரத்திலேயே பெற்றோர் தம் சொந்தக் குழந்தையுடன் பழகிப் பார்த்தல். விரிவுரை கேட்பதோடு நின்றுவிடும் அமர்வுகளை இதன் அடிப்படையில் பாதியாகக் குறைத்திருக்கிறேன்.

முதல் இரண்டு வாரங்களுக்கு எந்தக் கண்டிப்பு உத்தியும் கிடையாது. குழந்தையை அழைத்துவந்து, அது என்ன விளையாடுகிறதோ அதையே பின்தொடர்ந்து, செய்வதைச் சொல்லிப் பாராட்டும் பயிற்சி மட்டும். கூடவே, வீட்டில் சிக்கல் எழும் ஒவ்வொரு முறையும் முன்னால் என்ன நடந்தது, குழந்தை என்ன செய்தது, உடனே அதற்கு என்ன கிடைத்தது என்று மூன்று பத்திகள் கொண்ட தாளில் எழுதிவர வேண்டும். மூன்றாம் பத்தியைப் பெற்றோர் இருவரும் தனித்தனியே நிரப்பும்படி வடிவமைத்திருக்கிறேன். தாய் மறுப்பதைத் தந்தையோ, தந்தை மறுப்பதைத் தாயோ கொடுக்கும் வீடுகளில் அந்த வேறுபாடு தாளிலேயே தெரிந்துவிடும். கட்டைகளை அடுக்கிய சிறுவனின் தாய் முதல் குழுவில் சேரச் சம்மதித்திருக்கிறார்.