ஸ்விஃப்டுக்கு எந்த அளவு டயர்? தர்மபுரியிலிருந்து ஓர் அனுபவம்

டயர் மாற்றப் போகிறேன் என்று சொன்னதும் எல்லோரும் என்னிடம் கேட்டது, "எந்தக் கம்பெனி?" என்றுதான். அளவைத் தீர்மானிக்காமல் கம்பெனியைப் பற்றிப் பேசிப் பயனில்லை என்பது என் உறுதியான கருத்து.

எங்களுடையது 2018-ஆம் ஆண்டு மாருதி ஸ்விஃப்ட் கார், விஎக்ஸ்ஐ வகை. வீடு தர்மபுரியில், ஆசிரியர் வேலை பென்னாகரத்தில், அம்மா இருப்பது அஞ்செட்டியில். ஆகவே தினமும் பென்னாகரம் சாலை. அம்மாவைப் பார்க்க ஒகேனக்கல், நாட்றாம்பாளையம் வழியாகக் காட்டுப் பாதை. சேலத்துக்குப் போனால் தொப்பூர் கணவாய் இறக்கம். சென்ற கோடையில் டயரின் பள்ளங்களுக்குள் குறுக்காக இருக்கும் சிறு மேடுகள் பட்டனோடு, அதாவது சாலையைத் தொடும் ரப்பர் கட்டைகளோடு, சமமாகிவிட்டன. அந்த மேட்டின் உயரம் 1.6 மி.மீ. சட்டப்படி கார் டயரில் அதற்கும் கீழே பட்டன் தேயக் கூடாது. மழைக்கு முன் நான்கையும் மாற்றியாக வேண்டும்.

சேலம் சாலையில் ஒரு டயர் கடைக்குப் போனோம். கடைக்காரத் தம்பி வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "அக்கா, 16 அங்குல அலாய் ரிம் போட்டுவிடுங்கள், வண்டி எடுப்பாக இருக்கும்" என்றார். கூட வந்த கொழுந்தனாருக்கும் அதே ஆசை. டயர் 195/55 ஆர்16 என்றார்கள். நான் ஒரு தாளும் பேனாவும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

எங்கள் வண்டியில் இருந்தது 165/80 ஆர்14. முதல் எண் டயரின் அகலம், மி.மீட்டரில். இரண்டாவது எண் பக்கச் சுவரின் உயரம், அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்று. கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 165-இல் 80 சதவீதம் 132 மி.மீ. மேலும் கீழும் சேர்த்து 264. 14 அங்குலம் என்பது 355.6 மி.மீ. கூட்டினால் 619.6. ஸ்பீடோமீட்டர், கியர், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் எல்லாம் இந்த மொத்த விட்டத்தை நம்பித்தான் அமைக்கப்பட்டிருக்கின்றன. புதிய டயரும் இதை ஒட்டியே வர வேண்டும்.

கடைக்காரர் சொன்ன 16 அங்குலத்துக்கு அதே கணக்கைப் போட்டால் 620.9 வந்தது. விட்டத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பக்கச் சுவர் 107 மி.மீ.தான். பழையதைவிட 25 மி.மீ. ரப்பர் குறைவு. நாட்றாம்பாளையம் பக்கம் தார் பெயர்ந்த குழியின் விளிம்பில் சக்கரம் இறங்கும்போது, அடியைத் தாங்குவது இந்த ரப்பரும் அதற்குள் இருக்கும் காற்றும்தான். அது குறைந்தால் அடி ரிம்முக்குப் போகும். இரும்பு ரிம் வளைந்தால் தட்டி நிமிர்த்தலாம். அலாய் விரிசல் விட்டால் அதை நம்பி ஓட்ட முடியாது. டயருக்குள் நூல் அறுந்து பக்கவாட்டில் புடைத்தாலும் டயரைத் தூக்கி எறிய வேண்டியதுதான், அதற்குப் பஞ்சர் கடையில் மருந்து கிடையாது. இதை விளக்கிச் சொன்ன பிறகு கொழுந்தனார் 16-ஐப் பற்றிப் பேசவில்லை.

அப்படியானால் பழைய அளவையே போட்டிருக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மண் சாலையிலேயே பெரும்பாலும் ஓட்டுபவர்களுக்கு 165/80 ஆர்14-ஐத்தான் நான் சொல்வேன். எனக்கோ மழையில் தொப்பூர் இறங்கும்போதும் ஒகேனக்கல் வளைவுகளிலும் இன்னும் கொஞ்சம் பிடிப்பு வேண்டும் என்று நெடுநாளாகத் தோன்றியது. இதே ரிம்மில் 185/70 ஆர்14 போடலாம் என்று தம்பி சொன்னார். விட்டம் 614.6, பழையதைவிட ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசம். ரிம் வாங்கும் செலவும் இல்லை. சிக்கனம் பார்ப்பவர்களுக்கு நல்ல வழி.

என் முடிவை மாற்றியது வேறொரு விவரம். இதே ஸ்விஃப்டின் இசட்எக்ஸ்ஐ வகை, தொழிற்சாலையிலிருந்தே 185/65 ஆர்15 டயரோடுதான் வருகிறது. விட்டம் 621.5, பக்கச் சுவர் 120 மி.மீ. ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் எங்காவது உரசுமா, ஆட்கள் நிறைய ஏறினால் மட்கார்டில் இடிக்குமா என்பதையெல்லாம் தயாரித்தவர்களே பார்த்து முடித்த அளவு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. நாளை ஒரு விபத்து என்றால் இன்சூரன்ஸ்காரரிடம் நான் வாதாடிக்கொண்டிருக்க விரும்பவில்லை. ஆகவே 185/65 ஆர்15 என்றே முடிவு செய்தேன்.

ஒரு விஷயத்தில் கவனம் தேவை. "15 என்றால் எல்லாம் ஒன்றுதான் அக்கா" என்று 185/60 ஆர்15 டயரை எடுத்து வைத்தார்கள். அதன் விட்டம் 603. வண்டி 8 மி.மீ. தாழும்; மீட்டர் 100 காட்டும்போது உண்மையில் 97-இல்தான் போய்க்கொண்டிருப்போம். தாளைக் காட்டித் திருப்பிக் கொடுத்தேன்.

அளவுக்கு அடுத்து வரும் எண்ணையும் எழுத்தையும் விடாதீர்கள். 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும், 88 என்றால் 560 கிலோ. எழுத்து, டயர் தாங்கும் உச்ச வேகம்: டி (T) என்றால் மணிக்கு 190 கி.மீ., ஹெச் (H) என்றால் 210 கி.மீ. பழையதைவிடக் குறைந்த எண் எதுவும் வேண்டாம். பிறகு தேதி: பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 1525 என்றால் 2025-இன் 15-ஆவது வாரம். முதலில் வந்த டயர்களில் 0723 என்றிருந்தது. புதியதாகத்தான் வேண்டும் என்று நின்றேன். மறுநாள் வரவழைத்துக் கொடுத்தார்கள்.

ரிம்மில்தான் அதிகம் அலைந்தேன். ஸ்விஃப்டுக்கு நட்டு மாட்டும் துளைகள் நான்கு, 100 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில், நடுத்துளை 54.1 மி.மீ. வெளியே விற்கும் அலாய்களில் பல கார்களுக்கும் பொருந்தட்டும் என்று நடுத்துளையைப் பெரிதாக வைத்திருப்பார்கள். இடைவெளியை அடைக்க வளையம் போடாவிட்டால் வேகத்தில் ஸ்டியரிங் அதிரும். ஆஃப்செட், அதாவது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது வண்டியில் பொருந்தும் இடம் வரை உள்ள தூரம், குறைந்தால் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். பேரிங்குக்குச் சுமை கூடும். இத்தனையையும் சரிபார்ப்பதைவிட, இசட்எக்ஸ்ஐக்குக் கம்பெனி கொடுக்கும் ரிம்மையே வாங்கிவிட்டேன். விலை கூடுதல்தான், மனத்தாங்கல் இல்லை.

மாட்டியதும் பேலன்சிங், அலைன்மென்ட் இரண்டும் செய்தோம். பழைய சக்கரங்களில் பட்டன் நன்றாக இருந்த ஸ்டெப்னியை அப்படியே டிக்கியில் விட்டுவிட்டேன். விட்டம் இரண்டு மி.மீ.தான் வேறுபடுகிறது என்பதால், அடுத்த பஞ்சர் கடை வரை மெதுவாகப் போக அது போதும்.

மைலேஜ் சற்றுக் குறைந்திருக்கிறது. அகலமான டயருக்கு அது எதிர்பார்த்ததே. மழையில் தொப்பூர் இறங்கும்போது பிரேக் பிடித்தால் வண்டி முன்பைவிட உறுதியாக நிற்கிறது. அம்மா வீட்டுப் பாதையில் குலுக்கல் கொஞ்சம் கூடியிருக்கிறது, ரிம்மில் இதுவரை கீறல் இல்லை. புதிய ரிம் மாட்டியவர்கள் நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பார்த்துவிடுங்கள்; கடையில் கேட்டால் காசு வாங்காமலே செய்து கொடுத்தார்கள்.