ஏ2 தேர்வு: கியர் விழும்போது உதைத்தால் எங்கிருந்து தொடங்குவது

ஒருவழியாக ஏ.எஸ்.இ. ஏ2, அதாவது அமெரிக்க மெக்கானிக் சான்றிதழில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் தாள், தேறிவிட்டது. டெக்சாஸில் பிக்கப் டிரக் பட்டறையில் வேலை பார்க்கிற எனக்குக் கடைசிவரை வயிற்றைக் கலக்கிய தாள் இதுதான். பிரேக், சஸ்பென்ஷன் தாள்கள் கைப்பழக்கத்திலேயே ஓடிவிடும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் அப்படி இல்லை. கிளட்சை மிதித்து கியர் போடும் லேலண்டிலும் டாடாவிலும் தொழில் கற்றவனுக்கு அதன் உள்ளே நடப்பது எதுவும் கண்ணில் படாது. எப்படிப் படித்தாய் என்று நண்பர்கள் ஒவ்வொருவராகக் கேட்கிறார்கள், அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

என்ன கேள்வி வந்தது என்று மட்டும் கேட்காதீர்கள். வெளியே சொல்ல மாட்டோம் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் உட்கார விடுகிறார்கள். அமைப்பு உங்களுக்குத் தெரியும்: மதிப்பெண் உள்ள கேள்வி 50, கணக்கில் வராதது 10, நேரம் 75 நிமிடம். பாதித் தாள் டயக்னோசிஸ். அதில் ‘கியர் மாறும்போது உதைக்கிறது’ என்ற புகாரைச் சரியாகப் பிரிக்கத் தெரிந்தால் மீதிக் கதவுகள் தானாகத் திறக்கும் என்பது என் கட்சி.

என்னைக் கரை சேர்த்தது ஒரே வரி. கரண்ட் போனால் பிரஷர் ஏறும்.

ஜி.எம். டிரக்குகளில் வரும் 4எல்60-இ பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். லைன் பிரஷரை, அதாவது பெட்டிக்குள் கிளட்சுகளைப் பிடிக்கவைக்கும் ஆயில் அழுத்தத்தை, ஆளுவது பிரஷர் கன்ட்ரோல் சொலினாய்டு என்ற கரண்டில் இயங்கும் வால்வ். கம்ப்யூட்டர் அதற்கு 1.1 ஆம்பியர் கொடுத்தால் பிரஷர் மிகக் குறைவு. கரண்டைக் குறைக்கக் குறைக்க பிரஷர் கூடும். ஒயர் அறுந்து சுழியமானால் உச்சம். வேண்டுமென்றே இப்படி அமைத்திருக்கிறார்கள். பிரஷர் குறைந்தால் கிளட்ச் தகடுகள் வழுக்கிக் கருகிவிடும். பிரஷர் கூடினால் கியர் உதைக்கும், ஆனால் வண்டி வீடு போய்ச் சேரும். எஞ்சினின் உறிஞ்சலை ஹோஸ் வழியாக வாங்கி லோடை அறியும் பழைய வேக்குவம் மாடுலேட்டர் பெட்டியிலும் இதே புத்திதான்: ஹோஸ் கழன்றால் முழு லோடு என்று நினைத்துக்கொண்டு கியர் தாமதமாக, உதைத்து விழும்.

இதைப் பிடித்துக்கொண்டால் கேள்வி தலைகீழாகத் தெரியும். உதைப்பது பல நேரம் கோளாறே இல்லை, கோளாறைப் பார்த்து கம்ப்யூட்டர் எடுத்த தற்காப்பு. நல்ல உதாரணம் பி1870, பெட்டிக்குள் ஏதோ வழுக்குகிறது என்று கம்ப்யூட்டர் பதியும் கோட். ஒரு 2001 சில்வராடோ. காலையில் குளிர்ந்த வண்டி வெண்ணெய் மாதிரி ஓடும். ஹைவேயில் சூடேறி ஊருக்குள் வந்ததும் முதல் சிக்னலில் ஒன்றிலிருந்து இரண்டு விழும்போது முதுகில் ஒரு அறை. சாவியை அணைத்துப் போட்டால் கொஞ்ச நேரம் ஒழுங்காகும். இதைப் பார்த்ததும் இரண்டாம் கியரைப் பழிப்பவர்கள்தான் அதிகம். உண்மையில் வழுக்குவது டார்க் கன்வெர்ட்டர் கிளட்ச், எஞ்சினையும் பெட்டியையும் ஹைவேயில் நேராகப் பூட்டும் கிளட்ச். ஆயிலைப் பிரித்து அனுப்பும் வால்வ் பாடியைக் கழற்றி, அந்த கிளட்சை ஆளும் வால்வ் ஓடும் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால், அலுமினியம் ஒரு பக்கமாகத் தேய்ந்து பளபளவென்று நிற்கும். அந்த இடைவெளியில் ஆயில் கசிகிறது, கிளட்ச் முழுதாகப் பிடிக்கவில்லை. ஹைவேயிலேயே அதைக் கவனித்த கம்ப்யூட்டர் லைன் பிரஷரை உச்சத்துக்குத் தூக்கிவிடும். அடி விழுவது மட்டும் சிக்னலில். துளையை ரீமர் போட்டுப் பெரிதாக்கி ஓவர்சைஸ் வால்வ் போட வேண்டும், அல்லது வால்வ் பாடியை மாற்ற வேண்டும். சொலினாய்டை மட்டும் மாற்றி அனுப்பினால் வண்டி திரும்பி வரும்.

விடைகளைப் படிக்கும் முன் கேட்க வேண்டியது: எல்லா கியரிலும் உதைக்கிறதா, ஒன்றில் மட்டுமா?

எல்லாவற்றிலும் என்றால் லைன் பிரஷர். சொலினாய்டு, அதன் ஒயர், ஃபெயில்சேஃப் (மேலே சொன்ன தற்காப்பு), எஞ்சின் லோடைத் தப்பாகச் சொல்லும் சென்சார். ஸ்கேன் டூலில் கம்ப்யூட்டர் கேட்ட கரண்டைப் பாருங்கள், கேஜ் மாட்டி உண்மையான பிரஷரைப் பாருங்கள். குறைவான பிரஷர் கேட்டும் கேஜ் உச்சத்தில் நின்றால் தப்பு ஒயர், சொலினாய்டு, வால்வ் பக்கம். கம்ப்யூட்டரே உச்சத்தைக் கேட்டால், ஏன் கேட்கிறது என்று தேட வேண்டும்.

பி1870 மாதிரி கோட் எதுவும் இல்லாமல் ஒன்றிலிருந்து இரண்டுக்கு மட்டும் என்றால் அக்யுமுலேட்டர் பக்கம் போங்கள். பேண்டை (டிரம்மைச் சுற்றிப் பிடிக்கும் பட்டை) இறுக்க வரும் ஆயிலின் முதல் வேகத்தை வாங்கிக்கொள்ளும் சின்ன பிஸ்டனும் ஸ்பிரிங்கும்தான் அது. பிஸ்டன் சிக்கிக்கொண்டாலோ ஸ்பிரிங் உடைந்தாலோ தாங்குவதற்கு ஆள் இல்லை. 4எல்60-இயில் ஆயில் பேனைக் கழற்றினாலே கை எட்டும், பெட்டியை இறக்க வேண்டாம். எதை வண்டியிலேயே செய்யலாம், எதற்கு இறக்க வேண்டும் என்பதைத் தேர்வும் பிரித்துத்தான் பார்க்கிறது.

அப்புறம் சில உதிரிகள்:

– பார்க்கிலிருந்து டிரைவ் போடும்போது மட்டும் உதைத்தால் முதலில் ஐடில் ஆர்.பி.எம்.மைப் பாருங்கள்.
– வண்டி நிற்கப்போகும் நேரத்தில் பின்னாலிருந்து யாரோ தட்டியது போல இருந்தால் டிரைவ்ஷாஃப்ட் ஸ்லிப் யோக், கியர்பாக்ஸின் பின்னால் வழுக்கி ஓடும் இணைப்பு. கியர்பாக்ஸ் நிரபராதி.
– பெட்டியைப் புதுப்பித்த பிறகு உதைத்தால், பழைய தேய்மானத்துக்காகக் கம்ப்யூட்டர் கூட்டி வைத்த அடாப்டிவ் பிரஷரை ரீசெட் செய்தார்களா என்று பாருங்கள்.
– அழுக்கான மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் எஞ்சினுக்குள் போகும் காற்றைக் குறைத்துக் காட்டும், கம்ப்யூட்டர் லோடு குறைவு என்று நினைக்கும். பிரஷர் குறையும், கியர் வழுக்கும். உதைக்காது. கேள்விகளில் இதைத்தான் மாற்றிக் குழப்புவார்கள்.
– ஆயில் அளவைச் சொன்ன சூட்டில் பார்க்காமல் வேறு எந்தச் சோதனையும் இல்லை.

டெக்னீஷியன் ஏ ஒன்று சொல்கிறார், டெக்னீஷியன் பி ஒன்று சொல்கிறார், யார் சரி என்று கேட்கும் கேள்விகள் பற்றிப் புலம்பாதவர் இல்லை. நான் பி சொல்வதைக் கையால் மறைத்துவிட்டு ஏ சொல்வது சரியா தப்பா என்று மட்டும் முடிவு செய்வேன், அப்புறம் பி. இருவரும் ஒரே விஷயத்தில் சண்டை போடுகிறார்கள் என்று நினைத்துப் படித்தால் தொலைந்தோம், இருவரும் சரியாக இருக்கலாம். தப்பான விடைக்கு மதிப்பெண் குறைவதில்லை, அதனால் எதையும் காலியாக விடாதீர்கள்.

எத்தனையோ பேர் மாதிரிக் கேள்விகளை நூற்றுக்கணக்கில் மனப்பாடம் செய்கிறார்கள். எனக்கு அது வராது. ஒரு நோட்டில் ஆயில் போகும் வழியைப் பம்பிலிருந்து கிளட்ச் வரை கையால் வரைந்தேன், ஒவ்வொரு கியருக்கும். அலுப்பான வேலைதான். வேகமாகப் படிக்கிறவர்களுக்கு இது சரிப்படாமல் போகலாம், ஆனால் வரைந்தவன் கையில் படம் நிற்கும். எந்த கியரில் எந்த கிளட்ச் பிடிக்கும் என்ற பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, பார்த்துப் படிக்கத் தெரிந்தால் போதும்.

பெட்டியை இறக்கிச் செய்யும் வேலைப் பகுதியை நான் மேலோட்டமாகத்தான் பார்த்தேன். எண்ட் ப்ளே (ஷாஃப்ட் முன்பின் ஆடும் அளவு), ஏர் பிரஷர் சோதனை, கிளட்ச் கிளியரன்ஸ் (தகடுகளின் இடைவெளி), அவ்வளவே.

இன்னும் ஏ6, அதாவது எலக்ட்ரிகல் தாள், எழுதாதவர்கள் ஏ2வைத் தள்ளிப்போட்டு அதை முதலில் எழுதுங்கள். சொலினாய்டு கேள்விகளில் பாதி வோல்டேஜ் டிராப் (ஒயரிலும் கனெக்டரிலும் வோல்டேஜ் இழப்பு) கேள்விதான், மீட்டர் பிடிக்கத் தெரியாமல் ஹைட்ராலிக்ஸ் மட்டும் படித்துப் போனால் நடுவழியில் நிற்க வேண்டியிருக்கும்.